செருப்பு, ஷூ, கை

போன வாரம் படூர்லருந்து புதுசா ஒரு பொண்ணு எங்க ஞாயித்துக்கிழமை மலை குரூப்புல சேர்ந்துச்சு. சேர்ந்த கையோட வாட்ஸப்புல ஒரு கேள்வி. "அங்கிள், இந்த வாரம் போற மலை ஈசியா, மாடரேட்டா, டிஃபிகல்ட்டா?" நான் செங்கல்பட்டு ஆபீசுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்த அவசரத்துல ஒரே வார்த்தையில பதில் போட்டேன். "செருப்பு." அதுக்கப்புறம் அந்தப் பக்கம் பேச்சு மூச்சே இல்ல. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு நீல டிக்கு மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

என் பொண்டாட்டி போனை வாங்கிப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. "ஏங்க, முன்ன பின்ன தெரியாத பொண்ணு. ஈசியான்னு கேட்டதுக்கு செருப்புன்னு எழுதினா அது இன்னா நெனைக்கும்? ஒழுங்கா மன்னிப்புக் கேளுங்க." நான் ஏன் மன்னிப்புக் கேக்கணும்? நாங்க இத்தனை வருஷமா சொல்ற வார்த்தை அது. ஆனா விளக்கம் எழுதலாம்னு உக்காந்தேன். நாலு வரிக்கு மேல எழுத வரல. ஏன்னா அந்த வார்த்தை என்னுது இல்ல, என் மச்சானுது. அவன் போயி இன்னும் ஒரு வருஷம் ஆகல.

மச்சான்னா, என் பொண்டாட்டியோட கூடப்பிறந்த அண்ணன். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். முறைப்படி மரியாதை குடுக்கணும். ஆனா அவன் தங்கச்சியைக் கட்டறதுக்கு முன்னாடியே எனக்கு அவன் சிநேகிதன், அதனால வாடா போடாதான். அவன் என்னை மாப்ளன்னு கூப்பிடுவான். படூர்ல வூடு. ரெண்டு வேன் வெச்சிருந்தான், ஓ.எம்.ஆர்ல கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போற பசங்களை ஏத்தி எறக்கற வேலை. ஒரு வண்டிக்கு ஆள் போட்டிருந்தான், இன்னொண்ணை அவனே ஓட்டினான்.

மலைக் கதை ஆரம்பிச்சதும் அந்த வேன்லதான். "டெய்லி கண்ணாடியில பாக்கறேன் மாப்ள, எல்லாம் இருபத்தஞ்சு வயசுப் பசங்க, மூஞ்சிய பாத்தா செத்த மூஞ்சி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஒரு ஞாயித்துக்கிழமை அவனே டீசல் போட்டு அஞ்சாறு பேரை ஏத்திக்கிட்டு மாமல்லபுரம் பாறைக்குப் போயிட்டான். என்னையும் திருக்கழுக்குன்றத்துலருந்து வரச் சொல்லிட்டான். மேல ஏறி கடலைப் பாத்துட்டு, கீழ வந்து மொளகாத்தூள் போட்ட மாங்கா தின்னுட்டுத் திரும்பிட்டோம். அடுத்த வாரம் பசங்களே போன் பண்ணி, இந்த வாரம் எந்த மலைண்ணான்னு கேட்டாங்க.

ஆளுங்க சேரச் சேர ஒரு பிரச்சினை வந்துச்சு. ஒருத்தனுக்கு முட்டி வலி, ஒருத்தி மாரத்தான் ஓடறவ, இன்னொருத்தன் லிஃப்ட் ரிப்பேர் ஆனா அன்னிக்கு லீவு போடற ஆளு. எல்லாரையும் ஒரே மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? பசங்க நெட்ல பாத்துட்டு ஈசி, மாடரேட்டுன்னு ஏதோ எழுதினாங்க. மச்சானுக்கு அது ஒத்துவரல. "ஈசின்னா யாருக்கு ஈசி? உனக்கா, எனக்கா, உங்க அம்மாவுக்கா?"ன்னு கேட்டான். அப்புறம் அவனே ஒரு கணக்கு வெச்சான். செருப்பு மலை, ஷூ மலை, கை மலை.

ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு ஏற முடிஞ்சா அது செருப்பு மலை. மாமல்லபுரம் பாறை, திருப்போரூர் சின்ன மலை எல்லாம் அதுல சேர்த்தி. முள்ளும் உருட்டுக்கல்லுமா இருந்து செருப்பு போட்டா வார் அறுந்துடும்னா ஷூ மலை. செங்கல்பட்டைச் சுத்தி ஏரிக்கரை ஓரமா நிக்குதே, பாதி உடம்பைக் குவாரிக்காரன் தின்னுட்டுப் போன மலைங்க, அதெல்லாம் ஷூ. போயிக்கிட்டே இருக்கும்போது ஒரு எடத்துல நம்மளை அறியாம பாறையில கைய ஊணிட்டோம்னா, அந்த எடத்துலருந்து அது கை மலை. கை மலைக்கு மட்டும் அவன் தனியா சட்டம் போட்டிருந்தான். "இங்க அவனவன் கைதான். பின்னாடி வர்றவன் தள்ளக்கூடாது, முன்னாடி போறவன் இழுக்கக்கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து கீழ உழுவீங்க. கூட நில்லு. அது போதும்."

எங்க ஊரு திருக்கழுக்குன்றம் மலையில மட்டும் ஒரு வழக்கு வந்துச்சு. அது கோயில் மலை, படி கட்டின மலை, செருப்பைக் கீழயே வுட்டுட்டுத்தான் ஏறணும். செருப்பே போடாத மலை எப்படி செருப்பு மலை ஆகும்னு ஒரு பையன் மடக்கினான். மச்சான் யோசிக்கவே இல்ல. "கீழ வந்து செருப்பு இருக்குதான்னு தேடற இல்ல, அப்ப அது செருப்பு மலைதான்"னான். அன்னிக்கு அந்தப் பையனோட செருப்பு நிஜமாவே காணாமப் போச்சு. வெயில்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குதிச்சுக் குதிச்சு வந்தான்.

அவனுக்குப் புடிக்காத வார்த்தை ஒண்ணு உண்டு. "வந்தாச்சு." மலை ஏறினவங்களுக்குத் தெரியும். பின்னாடி ஒருத்தர் மூச்சு வாங்கிக்கிட்டு இன்னும் எவ்ளோ தூரம்னு கேப்பாரு. முன்னாடி போறவரு நல்ல மனசோட, இதோ வந்தாச்சு, அந்த மரத்தைத் தாண்டினா மேலதான்னு சொல்லுவாரு. மரத்தைத் தாண்டினா இன்னொரு மரம் நிக்கும். நானே நூறு தடவை சொல்லியிருக்கேன். சொன்னா ஆளு சந்தோஷமா நாலு அடி எடுத்து வெக்கறாரு, அதுல இன்னா தப்பு?

ஒரு தடவை செங்கல்பட்டு பக்கம் ஒரு ஷூ மலையில, கனமான ஆளு ஒருத்தரு, கல்பாக்கம் டவுன்ஷிப்லருந்து வந்தவரு, பாதியில உக்காந்துட்டாரு. எங்க பசங்க அவர்கிட்ட மூணு தடவை வந்தாச்சு சொல்லியிருக்காங்க. நாலாவது தடவை சொன்னப்ப மனுஷனுக்கு அழுகையே வந்துடுச்சு. மச்சான் மேலருந்து எறங்கி வந்து அவரு பக்கத்துல குந்தினான். "சார், இன்னும் பாதி கீது. முடிஞ்சா வாங்க. முடியலன்னா நானும் நீங்களும் இங்கயே குந்திகினு பேசிட்டு இருக்கலாம்." அவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. அப்புறம் எழுந்து ஷூ லேசை இறுக்கிக் கட்டிக்கிட்டு நடந்தாரு. மேல வந்தும் சேர்ந்தாரு.

எறங்கும்போது மச்சான் என்னைத்தான் புடிச்சான். "எவ்ளோ கீதுன்னு தெரிஞ்சாத்தான் மாப்ள தண்ணிய மிச்சம் வெச்சுக் குடிப்பான். நீ பாட்டுக்கு வந்தாச்சு வந்தாச்சுன்னா, இருக்கற பாட்டிலைக் காலி பண்ணிட்டு நாக்கு வறண்டு குந்திடுவான்." எனக்குக் கோவம் வந்துச்சு, பெரிய அரிச்சந்திரன் இவன்னு. ஆனா அதுக்கப்புறம் மலையில நான் அந்த வார்த்தையை சொன்னதில்ல.

போன வருஷம் வெயில் ஆரம்பிச்ச நேரம். ஷூ மலை ஒண்ணுல மச்சான் பாதியில நின்னு முதுகைப் புடிச்சுக்கிட்டான். வேன் ஓட்டி ஓட்டி வந்த வலின்னு சொன்னான், நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். அப்புறம் சோறு எறங்கல, பேண்டு இடுப்புல நிக்கல. ஒரு நாள் அவன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணி, "தம்பி, இவரு கண்ணு மஞ்சளா கீதுப்பா"ன்னாங்க. எனக்கு அவங்க அக்கா முறை, அப்படித்தான் கூப்பிடுவேன். மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு டாக்டர் உள்ள கூப்பிட்டாரு. மச்சானைப் பாத்து, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, உங்க ஆளுங்ககிட்ட பேசிக்கறேன்"னாரு. நோவு யாருக்கோ அவனை வெளிய அனுப்பிட்டு மத்தவங்ககிட்ட சொல்றது நம்ம ஊரு வழக்கம். மச்சான் எழுந்து போயி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டிவிக்குக் கீழ உக்காந்தான். கணையத்துல வந்திருக்கு, ஈரலுக்கும் போயிடுச்சு, ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. மாசக் கணக்குத்தான்னாரு. அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்னும் சொன்னாரு. நான் கதவு வழியாப் பாத்தேன். மச்சான் பக்கத்துல இருந்த கெழவருக்கு வாட்டர் கேன்லருந்து தண்ணி புடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தான்.

அக்கா அழல. என் கையை எடுத்து அவங்க தலைமேல வெச்சுக்கிட்டாங்க. "குடல்ல புண்ணுன்னு சொல்லிடுவோம் தம்பி. தெரிஞ்சா இந்த ஆளு நாளைக்கே உசுரை வுட்டுடுவாரு. உன் வாயால அவருக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணேன். அந்த நேரத்துல வேற இன்னா பண்றது? வெளிய வந்து மூணு பேரும் சிரிச்சோம். வெறும் புண்ணுதானாம்னு நான்தான் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ நேரம்?"ன்னான் மச்சான்.

அதுக்கப்புறம் அந்த வூட்ல ஒரு நாடகமே நடந்துச்சு. பாக்க வர்ற சொந்தக்காரங்களை வாசல்லயே மறிச்சு, புண்ணுன்னுதான் சொல்லணும்னு பாடம் நடத்தினோம். அவங்க உள்ள போயி அவனைப் பாத்த உடனே மூஞ்சி கோணும். என் பொண்டாட்டி அண்ணனுக்குப் போன் பண்ணுவா, ரெண்டு வார்த்தை பேசிட்டு, சிக்னல் சரியில்லண்ணான்னு வெச்சுட்டு தலைகாணியில மூஞ்சியப் புதைச்சுக்குவா. அக்கா கதைதான் எனக்குத் தாங்காது. அழுகை வந்தா சமையல்கட்டுக்குப் போயி மிக்ஸியைப் போட்டுடுவாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் மிக்ஸி ஓடும். சத்தம் நின்னதும் மூஞ்சியக் கழுவிக்கிட்டு வெளிய வருவாங்க. "இன்னா டெய்லி சட்னியா?"ன்னு மச்சான் படுத்துக்கிட்டே கேப்பான். நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மழை மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் அவனே போன் பண்ணான். "மாப்ள, ஞாயித்துக்கிழமை உங்க ஊரு மலைக்குப் போலாம். நீயும் நானும் மட்டும்." வேணாம் மச்சான், உடம்பு தேறட்டும்னேன். "செருப்பு மலைதானே, இன்னா பேஜாரு?"ன்னான். அக்காவுக்கும் ஆசைதான். கோயிலாச்சே, ஏறினா ஏதாவது நடக்காதான்னு ஒரு நப்பாசை. வெயில் ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் டிரைவரு ஓட்டின வேன்ல வந்து சேர்ந்தாங்க. அக்காவுக்கு முட்டி வலி, அதனால கீழ பூக்கடை ஓரமா உக்காந்துக்கிட்டாங்க. ரெண்டு ஜோடி செருப்பையும் அவங்க பக்கத்துல வுட்டுட்டு நாங்க படி ஏறினோம்.

எப்படி ஏறினான்னு எழுத மனசு வரல. ஒரு கையால பக்கத்துச் செவுரைப் புடிச்சுக்கிட்டு, பத்து படிக்கு ஒரு தடவை நின்னு, நிக்கறது தெரியக்கூடாதுன்னு எதையாவது காட்டிக் காட்டிப் பேசினான். அந்த வூடு புதுசா, அந்தக் குளத்துல தண்ணி எவ்ளோ கீது பாரு, இப்படி. முன்னாடியெல்லாம் நான் ஏறி முடிக்கறதுக்குள்ள மேல போயி எறங்கி வந்து என்னைக் கிண்டல் பண்றவன். பாதியில நிழலா ஒரு எடம் வரும். அங்க உக்காந்தான். கீழ ஊரும் குளமும் தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு கொரங்கு பிஸ்கெட் கவரை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"எவ்ளோ கீது மாப்ள?"

"பாதி வந்திருப்போம்."

"மலைய கேக்கல."

புரியாத மாதிரி, டாக்டர்தான் சொன்னாரே, புண்ணு ஆறறதுக்கு நாள் ஆவும்னு ஏதோ உளறினேன். அவன் என்னைப் பாக்கல, கொரங்கைப் பாத்துக்கிட்டே பேசினான்.

"டெய்லி மிக்ஸி ஓட்றா. ஒரு நாளாச்சும் தட்டுல சட்னி வெச்சாளா? அவகிட்ட கேட்டா தாங்க மாட்டா. தங்கச்சிகிட்ட கேட்டா சிக்னல் கட்டாயிடும். உன்ன வுட்டா எனக்கு யாருடா கீறாங்க? மலைமேல குந்திகினு கேக்கறேன். பொய் சொல்லாத."

"அக்கா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டேன் மச்சான்."

"சரி, நோவப் பத்தி நீ ஒண்ணும் சொல்லாத. மலையப் பத்தி சொல்லு. செருப்பா?"

இல்லன்னு தலையாட்டினேன்.

"ஷூவா?"

நான் குளத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் அவசரப்படுத்தல. கூட வந்தவங்க மூச்சு வாங்கறப்ப எப்படிக் காத்துக்கிட்டு நிப்பானோ அப்படியே இருந்தான்.

"கை"ன்னேன்.

அவன் தலையை ஆட்டிக்கிட்டான். அப்புறம் "தீபாவளி வரைக்கும்?"ன்னு கேட்டான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "சரி வுடு"ன்னான். நான் அழ ஆரம்பிச்சுட்டேன். அம்பது வயசு ஆம்பள, படியில உக்காந்து துண்டை வாயில வெச்சுக்கிட்டு அழறேன். ஏறிப் போற ஜனங்க திரும்பித் திரும்பிப் பாக்குது. மச்சான் முதுகுல தட்டினான். "நீ ஏண்டா அழுவுற? மலை என்னுது. கூட நில்லு, போதும். தண்ணி குடு."

பாட்டிலைக் குடுத்தேன். ஒரே ஒரு வாய் குடிச்சான். மூடியை இறுக்கித் திருகி என்கிட்ட திருப்பிக் குடுத்தான்.

மேல போலாமான்னு கேட்டேன். "முடியாது மாப்ள. எறங்கலாம்"னு நேராவே சொன்னான். அவன் முழுசா ஏறாம எறங்கின மலைன்னு எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

கீழ அக்கா பூக்கடைகிட்ட எழுந்து நின்னு வழியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் மூஞ்சிய நல்லா தொடைச்சிருந்தேன். "இன்னாங்க, எப்படிக் கீது உடம்பு?"ன்னாங்க. மச்சான் செருப்பைக் காலாலயே தேடி மாட்டிக்கிட்டே சொன்னான். "நல்லா கீது. நீ ஒண்ணும் கவலப்படாத. இதோ வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான். எல்லாம் சரியாப்பூடும்."

எனக்கு ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்காலு. அப்படியே நின்னுட்டேன். அக்கா மூஞ்சியப் பாத்தேன். அவங்க சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே முந்தானையால அவன் நெத்தி வேர்வையைத் தொடைச்சு விட்டாங்க. போற வழியில மாமல்லபுரத்துல வஞ்சிர மீன் வாங்கணும்னு ஏதோ பேசிக்கிட்டே வேன்ல ஏறினாங்க.

அதுக்கப்புறம் மச்சான் அவனுக்கு இருந்த நாளை மிச்சம் வெச்சு மிச்சம் வெச்சுத்தான் செலவு பண்ணான். ஒரு வேனைப் பழைய டிரைவருக்கே பேசி முடிச்சான். என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு நாள் பூரா பக்கத்துல வெச்சுக்கிட்டான். அக்காவைக் கூட்டிக்கிட்டு மாமல்லபுரத்துக்குப் போயி கடலுக்கு முன்னாடி மணல்ல உக்காந்துட்டு வந்தான், கல்யாணம் ஆன புதுசுல போனதாம். ஆயுத பூஜைக்கு மிச்சம் இருந்த வேனுக்கு அவனே பொட்டு வெச்சான், கை நடுங்கி சந்தனம் கண்ணாடி பூரா வழிஞ்சுது. புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அவனே சொன்னான். எங்களைவிட நல்லா நடிச்சான். தீபாவளிக்கு முன்னாடி, மழை புடிச்சுக்கிட்ட ஒரு காலையில போயிட்டான். நான் கூட நின்னேன். அதைத் தவிர எனக்கு எதுவும் பண்ணத் தெரியல.

மலையில நடந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல, பொண்டாட்டிகிட்ட கூட. அக்காவுக்குக் குடுத்த சத்தியத்தை மீறினேனா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனா திரும்பக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

குரூப்பை இப்ப நான்தான் பாத்துக்கறேன். அந்தப் பொண்ணு சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் அக்கா, "அந்த மலைக்கு நானும் வரேன் தம்பி"ன்னாங்க. முட்டி வலியாச்சே அக்கான்னேன். "செருப்பு மலைதானே"ன்னாங்க. அதனாலதான் போன வாரம் எங்க ஊரு மலையைப் போட்டேன். அந்தப் படூர் பொண்ணுக்கு செருப்புன்னு பதில் எழுதினதும் இந்த மலைக்குத்தான். விளக்கத்தைப் படிச்சுட்டு அது சிரிச்சுக்கிட்டே வந்து சேர்ந்துச்சு, கணுக்கால் வரைக்கும் பெரிய ஷூ மாட்டிக்கிட்டு. கழட்டறதுக்கே கால் மணி நேரம் ஆச்சு.

பசங்க முன்னாடி போயிட்டாங்க. நானும் அக்காவும் மெதுவா ஏறினோம். பாதியில அந்த நிழல் வந்ததும் அக்கா முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. நான் உக்காரல. உக்கார முடியல.

"அவரு உன்கிட்ட கேட்டது இந்த எடத்துலயா?"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரு சொன்னதுன்னு கேட்டேன்.

"யாரு சொல்லணும்? அன்னிக்குக் கீழ வந்து வந்தாச்சுன்னாரே, அதான். கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த வார்த்தையை அவரு வாயால நான் கேட்டதில்ல. எங்க பெரிய பையன் பொறக்கும்போது வலியில கத்திகினு கீறேன், கையப் புடிச்சுக்கினு இன்னும் நேரம் கீதும்மான்னு சொன்ன ஆளு. அந்த ஆளு வந்தாச்சுன்னா எனக்குத் தெரியாதா? உன்கிட்ட கேட்டுட்டாரு, நீ சொல்லிட்டன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"கோவமா அக்கா?"

"உன் மேலயா? இல்ல தம்பி. நீயாச்சும் சொன்னியே."

"தெரிஞ்சும் ஏன் அக்கா அவன்கிட்ட காட்டிக்கல?"

"எனக்காகத்தான பொய் சொல்றாரு. அத்தப் போயி எப்படிப் புடுங்கறது? அவரு நல்லா கீதுன்னாரு, நான் மிக்ஸியப் போட்டுகினு இருந்தேன்." அக்கா சேலைத் தலைப்பை விரல்ல சுத்திச் சுத்தி அவுத்தாங்க. "அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே கட்டில்ல அவரு அந்தப் பக்கம் திரும்பிகினு, நான் இந்தப் பக்கம் திரும்பிகினு. ஒரு நாளாச்சும் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம் தம்பி. அது ஒண்ணுதான் ஆறவே மாட்டேங்குது."

நான் பக்கத்துல உக்காந்தேன். அக்கா சத்தமா அழுதாங்க, மிக்ஸி இல்லாம, படியில போற வர்ற ஜனங்க பாக்கப் பாக்க. நானும் அழுதேன்.

கொஞ்ச நேரத்துல அந்தப் படூர் பொண்ணு எங்களைக் காணோம்னு மேலருந்து எறங்கி வந்துச்சு. அக்கா மூஞ்சியப் பாத்துட்டு, முட்டி வலியில அழறாங்கன்னு நெனச்சுட்டுது போல. குனிஞ்சு கையப் புடிச்சுக்கிட்டு, "வந்தாச்சு ஆன்ட்டி, இதோ மேலதான்"னு சொல்லுச்சு. நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கை மேல கை வெச்சு நிறுத்தினாங்க.

"இல்லம்மா. இன்னும் பாதி கீது."

அப்புறம் என்கிட்ட தண்ணி கேட்டாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு, மூடியை இறுக்கித் திருகிக் குடுத்துட்டு எழுந்தாங்க.